லஞ்சம் வாங்கிய கைக்கு ஓய்வூதியமா?

செஞ்சி வட்டத்தில் ஆதரவில்லாத ஒரு மூதாட்டிக்கு அரசு மாதாமாதம் தருவது 1,200 ரூபாய். 2023ஆம் ஆண்டு வரை அது 1,000 ரூபாயாக இருந்தது. ஊர்ப்புறத்தில் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்பார்கள். அதற்கு மனுக் கொடுக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வேண்டும், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும், கடைசியில் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் கையெழுத்துப் போட வேண்டும். மகன் இருக்கிறானா, சோறு போடுகிறானா, நிலம் யார் பெயரில் என்று ஒவ்வொரு மேசையிலும் கேள்வி கேட்பார்கள். மணிலாக் கொல்லையில் களை பறித்தும் நெல் நடவுக்குப் போயும் ஓய்ந்த உடம்பு அத்தனை படியும் ஏறி இறங்கித்தான் அந்தத் தொகையை வாங்குகிறது.

அதே வட்டத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியமே 7,850 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி. முழுப் பணிக்காலமும் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நேர்மையாக உழைத்தவருக்கு அது உரிய பணம். அதைக் கொடுக்கிற அரசு பெருமைப்படலாம். என் கேள்வி வேறு. அந்த மூதாட்டியின் மனுவை நகர்த்துவதற்கே கை நீட்டி, லஞ்ச ஒழிப்புத் துறையிடம் பிடிபட்டு, நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பும் வாங்கிய ஒருவருக்கு, அவள் வாங்கும் சோப்புக்கட்டியின் வரியும் சேர்ந்து கிடக்கிற கருவூலத்திலிருந்து ஆயுள் முழுக்கப் பணம் போகலாமா? முதியோர் உதவித்தொகைக்கு லஞ்சம் கேட்டுச் சிக்கியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பட்டா மாறுதலுக்கும், நில அளவைக்கும், வாரிசுச் சான்றுக்கும் சிக்கியவர்கள் அதைவிட அதிகம்.

போகக் கூடாது என்று சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன் எட்டாம் விதி ஓய்வூதியத்தை எதிர்கால நன்னடத்தையோடு கட்டி வைத்திருக்கிறது. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரின் ஓய்வூதியத்தை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ, நிரந்தரமாகவோ குறிப்பிட்ட காலத்துக்கோ நிறுத்தலாம். ஒன்பதாம் விதி, பணியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காக ஓய்வுக்குப் பிறகும் கை வைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. பணியில் இருக்கும்போதே தண்டனை கிடைத்தால் வழி இன்னும் நேரானது. அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு, குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரைத் தனி விசாரணை நடத்தாமலே பணிநீக்கம் செய்ய இடம் கொடுக்கிறது. பணிநீக்கம் செய்யப்பட்டவரின் கடந்தகாலப் பணி கணக்கில் வராது, ஓய்வூதியமும் இல்லை.

ஆனால் ஓய்வுபெற்றவரைப் பொறுத்தவரை விதியில் இருப்பது ‘நிறுத்தலாம்’தான். ‘நிறுத்த வேண்டும்’ இல்லை. அந்த ‘லாம்’ எப்போது, எத்தனை ஆண்டு கழித்து வேலை செய்யும் என்பதில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து லஞ்ச ஒழிப்புப் போலீஸ் கிளம்பி வருவதை இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள். புகார் கொடுத்த விவசாயியின் ரூபாய் நோட்டுகளில் பினாப்தலின் பொடி தடவப்படும். நோட்டு எண்கள் எழுதப்படும். வேறு துறை ஊழியர்கள் இருவர் சாட்சிகளாக உடன் வருவார்கள். பணம் கை மாறியதும் சைகை. வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். மறுநாள் நாளிதழில் படம் வரும், ஊரே பேசும், சஸ்பெண்ட் உத்தரவும் வந்துவிடும். மக்கள் கண்ணுக்கு அன்றைக்கே வழக்கு முடிந்துவிட்டது. உண்மையில் அன்றைக்குத்தான் அது தொடங்குகிறது.

தடயவியல் அறிக்கை வர வேண்டும். வழக்குத் தொடர அரசின் அனுமதி வர வேண்டும். குற்றப்பத்திரிகை, அதன்பின் விசாரணை. இடையில் நீதிபதி மாறுவார், சாட்சி ஊர் மாறுவார். புகார் கொடுத்தவரே பிறழ் சாட்சியாவதும் நடக்கும். நிலமும் பட்டாவும் அதே அலுவலகத்தில் கிடக்கும்போது, பத்து ஆண்டு பகை வளர்க்க எந்தச் சிறு விவசாயியால் முடியும்? இந்த ஒரு விஷயத்திலாவது உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பர் 15 அன்று கைகொடுத்தது. நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புகார்தாரர் இறந்துபோனாலும் பல்டி அடித்தாலும் சூழ்நிலைச் சாட்சியங்களைக் கொண்டு லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஊழல் வழக்கை இரண்டு ஆண்டில் முடிக்க முயல வேண்டும் என்று 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டமே சொல்கிறது. லஞ்சம் வாங்கியதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை என்று தண்டனையும் கடுமையானது. கடுமைக்குக் குறைவில்லை. வேகம்தான் இல்லை.

செஞ்சிக்காரர்களுக்கு இழுத்தடிப்பின் வரலாறு புதிதல்ல. 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698 ஜனவரியில். அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார். கோட்டையின் உறுதி ஒரு காரணம். தளபதிக்கும் எதிரிக்கும் உள்ளுக்குள் உடன்பாடு இருந்தது, முற்றுகை நீள்வதில் அவருக்கு ஆதாயம் இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. 2025 ஜூலையில் இந்தக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது ஊரே மகிழ்ந்தது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த எட்டு ஆண்டுக் கதையையும் சொல்ல வேண்டும். யாருக்கோ தாமதம் லாபமாக இருக்கிறவரை எந்த முற்றுகையும் முடியாது.

ஊழல் வழக்கில் தாமதம் யாருக்கு லாபம் என்பதில் சந்தேகமே வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர் சஸ்பெண்டில் இருந்தால், தமிழ்நாட்டில் அவரை ஓய்வுபெற விட மாட்டார்கள். அறுபது வயது முடிந்தாலும் பணியிலேயே நிறுத்திவைத்து வழக்கு முடியும்வரை காத்திருப்பார்கள். ஆனால் பலரும் சில ஆண்டுகளில் சஸ்பெண்ட் நீங்கி, வேறு ஊரில் வேறு நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ஓய்வுபெற்றுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பணிக்கொடை நிற்கும். ஆனால் தற்காலிக ஓய்வூதியம் வரும். பெயர்தான் தற்காலிகம், தொகை முழு ஓய்வூதியம் அளவுக்கே இருக்கலாம். விசாரணை பத்து ஆண்டு, மேல்முறையீடு பத்து ஆண்டு என்றால் அந்தத் தற்காலிகம் ஒரு மனிதனின் மிச்ச ஆயுளாகிவிடும். விசாரணை முடியுமுன் அவர் இறந்துபோனால் அவர் மீதான வழக்கும் அதோடு போயிற்று. “மாட்டினா என்னா, பென்ஷன் வந்துக்கினுதான இருக்குது” என்று டீக்கடையில் சொல்கிறவர் சட்டம் படித்தவரில்லை. ஆனால் அவர் சொல்வது சரி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பணியில் இருக்கும்போதே துறை நடவடிக்கை தொடங்கவில்லை என்றால், ஓய்வுக்குப் பிறகு, நான்கு ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுக்காக அதைத் தொடங்க முடியாது. இதனால்தான் பல்லாண்டுகள் கோப்பின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஓய்வுபெறும் நாள் மாலையில் அவசரமாக சஸ்பெண்ட் உத்தரவைக் கையில் திணிக்கும் வழக்கம் வளர்ந்தது. மாலையும் சால்வையும் வாங்கி வைத்துக் காத்திருந்த குடும்பத்துக்கு முன்னால் அது நடக்கும். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110ஆவது விதியின் கீழ், இந்தக் கடைசி நாள் நடைமுறை தவிர்க்கப்படும் என்று அறிவித்தார். நல்ல முடிவு. குற்றமற்றவர்களும் அதில் நசுங்கினார்கள். ஆனால் கடைசி நாளில் செய்வதை நிறுத்தினால் போதாது. ஓராண்டு முன்பாகவே செய்து முடிக்க வேண்டும். ஓய்வு நெருங்கும் ஒவ்வொருவரின் மீதும் நிலுவையில் உள்ள புகார்களைத் துறைத் தலைவர் பார்த்து முடிக்கத் தவறினால், அந்தத் தவறு யார் கணக்கில் ஏறுகிறது? இப்போது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

தண்டனை வந்துவிட்டது, மேல்முறையீடும் போட்டாயிற்று, சிறைத் தண்டனையையும் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்துவிட்டது; இனி தீர்ப்பு வரும்வரை துறை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததே ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். கல்லூரிக் கல்வித் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த ஒருவர் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றார். உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று துறை நோட்டீஸ் கொடுத்தது. மேல்முறையீடு முடியும்வரை கூடாது என்று தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 1995-இல் வந்த தீர்ப்பை ‘நாகூர் மீரா வழக்கு’ என்று வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். நிறுத்திவைக்கப்பட்டது தண்டனை மட்டுமே, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. எனவே துறை காத்திருக்கத் தேவையில்லை. மேல்முறையீட்டில் அவர் வென்றால் உரியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. முப்பது ஆண்டுக்கு முந்தைய தீர்ப்பு இது. ஓய்வுபெற்றவருக்கும் இதே அளவுகோல்தான் பொருந்த வேண்டும். ‘அப்பீல் நிலுவை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவைக்கிற அலுவலர்கள் இதைப் படிக்கவில்லையா, படிக்க விரும்பவில்லையா?

எதிர்வாதங்களை அலட்சியம் செய்ய எனக்கு மனம் இல்லை. முதலாவது, ஓய்வூதியம் பிச்சையல்ல. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும், 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த டிசம்பர் 17ஐத்தான் ஓய்வூதியர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த உரிமை அது. 2013-இல் ஜார்க்கண்ட் வழக்கு ஒன்றில், விதியில் தெளிவான இடம் இல்லாமல் வெறும் அரசாணையைக் காட்டி ஓய்வூதியத்தை நிறுத்த முடியாது, அது அரசியலமைப்பின் 300ஏ பிரிவு காக்கும் சொத்து என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அதனால்தான் வெறும் புகாரை வைத்தோ, பத்திரிகைச் செய்தியை வைத்தோ, மேலதிகாரியின் பகையை வைத்தோ ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது என்கிறேன். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே அளவுகோல்.

தீர்ப்பும் தவறலாம் என்பது இரண்டாவது வாதம். ஆம், தவறலாம். 1991-96 ஆட்சிக்காலத்துச் சுடுகாட்டுக் கூரை வழக்கை நினைவிருக்கும். முன்னாள் அமைச்சர் டி.எம். செல்வகணபதியோடு அதிகாரிகளும் 2014 ஏப்ரலில் தண்டனை பெற்றார்கள். அவர் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சம்பவத்துக்கும் இறுதி முடிவுக்கும் இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இந்த வழக்கை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மனம் கனக்கிறது. குற்றமற்றவர் என்றால் அவருக்கு அநீதி. குற்றவாளி என்றால் மக்களுக்கு அநீதி. இதற்கு மருந்து ஓய்வூதியத்தை விட்டுவைப்பதல்ல. மேல்முறையீட்டில் விடுதலையானால் நிறுத்திய தொகையை வட்டியோடு, மனுப் போட வைக்காமல், குறிப்பிட்ட நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று விதியிலேயே எழுதுவதுதான்.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கணவர் வாங்கிய லஞ்சத்துக்கு மனைவி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? லஞ்சப் பணத்தில்தானே அவரும் வாழ்ந்தார் என்று சட்டென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எல்லா வீட்டிலும் கணவனின் வரவு செலவு மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வேறு வருமானமோ சொத்தோ இல்லாத மனைவிக்கும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் ஒரு பங்கு போகத்தான் வேண்டும். இதற்கும் பழைய விதியில் வித்து இருக்கிறது. பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கும் இரக்கத்துக்குரிய நிலைமை இருந்தால், ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல் கருணைப்படி கொடுக்கலாம். இன்று அது குற்றவாளியின் பெயருக்கே போகிறது. அதைச் சார்ந்திருப்பவரின் பெயருக்கு, அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்பினால் இரக்கமும் நிற்கும், தண்டனையும் நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஓய்வூதியத்தைக் குறிவைப்பானேன், சிறையே போதாதா என்று கேட்பவர்களுக்கு, சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் கேரி பெக்கரும் ஜார்ஜ் ஸ்டிக்லரும் 1974-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை பதில் சொல்கிறது. நேர்மையாக இருந்தால் கடைசியில் கிடைக்கும், தவறினால் பறிபோகும் என்ற பெரிய தொகை ஒன்று ஒவ்வொரு அலுவலர் முன்னாலும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஓய்வு நெருங்க நெருங்க இழப்பின் அளவு கூடும். எனவே கடைசிக் காலத்தில் அள்ளிக்கொண்டு போகிற ஆசைக்கும் அது கடிவாளமாகும். ஆனால் பறிபோகும் என்பதை ஊழியர் நம்ப வேண்டும். சக ஊழியர் பிடிபட்டும் மாதாமாதம் வங்கியில் பணம் எடுப்பதைக் கண்ணால் பார்க்கிறவர் எப்படி நம்புவார்?

கடைசிக் கால ஆசைக்கு ஹாங்காங்கின் பீட்டர் காட்பர் உதாரணம். போலீஸ் தலைமைக் கண்காணிப்பாளரான அவர், ஓய்வுபெறும் தறுவாயில் கணக்கு காட்ட முடியாத பெருஞ்சொத்தோடு சிக்கி, 1973-இல் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே சுதந்திரமான ஊழல் தடுப்பு ஆணையம் பிறந்தது. 1975-இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்து நான்கு ஆண்டு சிறையில் அடைத்தார்கள். ஒரு நகரத்தின் நிர்வாகப் பண்பே அதற்குப் பின் மாறியது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநில முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ரயன் ஊழலில் தண்டனை பெற்றபின், அவருடைய ஓய்வூதியம் முழுதும் போயிற்று என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அவர் சம்பளத்திலிருந்து கட்டிய பணம் மட்டும் திரும்பக் கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் போலீஸ்காரரின் ஓய்வூதியத்தில் அதிகபட்சம் 65 சதவீதம் வரை பறிக்கலாம்; மிச்சம் அவருடைய சொந்தப் பங்களிப்பாகக் கருதப்பட்டு விடப்படுகிறது. ஆல்ஜர் ஹிஸ் என்ற அமெரிக்க அதிகாரியின் கதை எச்சரிக்கை தருகிறது. அவருடைய ஓய்வூதியத்தைப் பறிக்க 1954-இல் தனிச் சட்டமே வந்தது. குற்றத்துக்குப் பிறகு இயற்றிய சட்டத்தை முன்தேதியிட்டுப் பாய்ச்ச முடியாது என்று 1972-இல் நீதிமன்றம் சொல்ல, ஓய்வூதியம் அவருக்கே திரும்பியது. சட்டம் குற்றத்துக்கு முன்னால் இருந்தாக வேண்டும். நம் அரசியலமைப்பின் 20ஆவது பிரிவும், செய்தபோது இல்லாத தண்டனையைப் பின்னால் விதிக்கக் கூடாது என்கிறது.

இது தமிழ்நாட்டுக்கு இப்போது மிக அவசரமான விஷயம். 1978 விதிகள் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தின் கீழ் வந்தார்கள். செஞ்சி தாலுகா அலுவலகத்திலோ, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ இன்று பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். இப்போது அவர்களுக்காகவே 2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஊழியரிடம் பத்து சதவீதம் பிடித்தம், கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், குறைகிற பணத்தை அரசு போடும். அந்த அரசுப் பங்கு மக்கள் பணம். மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு தண்டனை பெறுகிறவரையும் சேர்த்து, அதைவிடத் தெளிவாக நாம் எழுத வேண்டும். ஊழியர் கட்டிய பத்து சதவீதமும் அதன் வட்டியும் அவருக்கே போகட்டும். அதில் யாரும் கை வைக்க வேண்டாம். அரசின் பங்கு, விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று அறிவித்த மாதத்தோடு நிற்கட்டும்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதைக் கேட்கும் உரிமை கூடுதலாகவே இருக்கிறது. 2020-இல் பிரதமர் கிசான் திட்டத்தில் விவசாயியே அல்லாதவர்கள் பெயரில் பணம் போன மோசடி வெளிவந்தபோது, மாநிலம் முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள், சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசு அப்போது சொன்னது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்கள்தான் அதில் அதிகம் அடிபட்டன. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, தற்காலிக ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், நிரந்தர அலுவலர்கள் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றிவந்து விலைக்காகக் காத்து நிற்கிற அசல் விவசாயி, ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு யார் யாரோ தன் பெயரில்லாப் பட்டியலில் நுழைந்ததைச் செய்தித்தாளில்தான் படித்தார்.

லஞ்ச ஒழிப்புத் துறையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து 2008-இல் தமிழ்நாடு அரசு விலக்கிவிட்டது. ஆனால் வருவாய்த் துறைக்கும், ஊரக வளர்ச்சித் துறைக்கும், கருவூலத்துக்கும் அந்த விலக்கு கிடையாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற அரசு ஊழியர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது, தீர்ப்புக்கும் அந்த உத்தரவுக்கும் இடையில் எத்தனை மாதம், இன்னும் தற்காலிக ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பவர் எத்தனை பேர் என்ற நான்கு எண்களை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையோடு வைக்க அரசாணை ஒன்று போதும். செஞ்சித் தொகுதி உறுப்பினர் அதைக் கேட்கலாம். கேட்கவில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் மனு எழுதி நாமே கேட்கலாம்.